தொப்புளுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. கூரைச் சட்டங்களை முடுக்கும் வேலை. அங்கே பூம் லிஃப்ட் ஓட்டுகிற அண்ணனிடம், ஒரே ஒரு தடவை என்னையும் மேலே கூட்டிப் போகும்படி கேட்டிருந்தேன். நீண்ட இரும்புக்கையின் நுனியில் ஆள் நிற்கும் பக்கெட்டுக்குள் காலை வைத்ததும் கதவை மூடக் கை நீட்டினேன். அவர் தடுத்தார்.

"சார், முதல்ல பெல்ட்டை மாட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

என் உடல் கவசத்தின் முதுகு வளையத்திலிருந்து தொங்கிய வாரை எடுத்து, பக்கெட்டின் உள்பக்கம் பற்றவைத்திருந்த கொக்கிக் கண்ணில் மாட்டினார். பிறகு வாரை இழுத்துச் சுருக்கினார். சுருக்கிக்கொண்டே போனார்.

"இவ்வளவு இறுக்கமாவா அண்ணே? குனியக்கூட முடியாது போலிருக்கே."

"குனியலாம் சார். எட்டித்தான் பார்க்க முடியாது. அதுக்குத்தான் இது."

காலால் ஒரு மிதியை அழுத்தினார், கையால் ஒரு தண்டைத் தள்ளினார். தரை எங்களை விட்டு நழுவிப் போனது. 18 மீட்டர் உயரத்தில் நிறுத்தினார், ஆறு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி அளவு. இன்ஜின் நின்றது, காற்றும் இல்லை. ஆனாலும் பக்கெட் ஆடியது. ஊஞ்சலை யாரோ ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனதுபோல மெதுவாக, அகலமாக ஆடியது. நான் என் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினாலே போதும், அந்த நீண்ட இரும்புக்கை முழுவதும் அதைக் கேட்டுப் பதில் சொன்னது.

கிணற்றடியில் ஏற்றம் பார்த்தவர்களுக்கு இந்த இயந்திரம் புதிதல்ல. நீளமான மரம், அதைத் தாங்க ஒரு தூண், ஒரு நுனியில் நீர் அள்ளும் சால், மரத்தின் மேலேயே முன்னும் பின்னும் நடந்து எடையை மாற்றும் ஆள். பூம் லிஃப்டும் ஏற்றம்தான். சால் இருந்த இடத்தில் ஆள் நிற்கும் பக்கெட். ஆள் நடந்த இடத்தில் வால்புறத்தில் பொருத்திய பெரிய இரும்புக்கட்டி, அதாவது எதிரெடை. இந்த ரக இயந்திரம் ஒன்றின் எடை சுமார் 10 டன், பத்துச் சிறிய கார்களின் எடை. அது தூக்க அனுமதிக்கப்பட்ட சுமையோ ஏறத்தாழ 230 கிலோதான். இரண்டு ஆள், கொஞ்சம் கருவிகள், அவ்வளவே. 230 கிலோவை வானத்தில் நிறுத்த 10 டன் தரையில் உட்கார வேண்டியிருக்கிறது.

ஏன் அவ்வளவு? நான்கு சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களைக் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். ஒரு செவ்வகம் வரும். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் கவிழ்கோடு என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம், எதிரெடை, கை, பக்கெட், ஆள் எல்லாவற்றின் எடையும் ஒரே புள்ளியில் திரண்டதாகக் கொண்டால் அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். அதிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் நூல் செவ்வகத்துக்குள் விழ வேண்டும். விழும்வரை இயந்திரம் நிற்கும். கவிழ்கோட்டைத் தாண்டினால், அதன் பிறகு எந்தப் பிரேக்கும் காப்பாற்றாது. செவ்வகத்தின் அகலமோ சுமார் இரண்டரை மீட்டர், சின்ன வீட்டுச் சமையலறையின் அகலம். அந்த அகலத்தின் மேல்தான் ஆறு மாடி உயரம் நிற்கிறது.

இத்தனையையும் தூக்குவது எண்ணெய். பம்பு அதை சுமார் 200 பார் அழுத்தத்தில் உருளைக்குள் தள்ளுகிறது. கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல 90 மடங்கு. கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு ரப்பர்க் குழாய்க்குள் அந்த அழுத்தம் ஓடுகிறது என்றால், குழாய் வெடித்தால் என்ன ஆகும் என்ற பயம் வருவது இயல்பு. அதற்கென்று ஒரு சிறு ஏற்பாடு செய்துள்ளார்கள். உருளையின் வாயிலேயே, குழாய் தொடங்குவதற்கு முன்பே, ஒரு பூட்டு வால்வு. பம்பிலிருந்து "இறங்கு" என்று அழுத்தம் வந்தால்தான் அது திறக்கும். குழாய் வெடித்தால் அந்த அழுத்தம் வராது. வால்வு மூடியே இருக்கும், எண்ணெய் உள்ளேயே சிறைப்படும், கை அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

இன்னொரு நுணுக்கம் எனக்கு இதைவிடப் பிடித்தது. கை படுத்த நிலையிலிருந்து ஏறக்குறையச் செங்குத்துவரை நிமிர்கிறது. அதன் நுனியில் இருக்கும் பக்கெட் மட்டும் எப்போதும் தரைக்குச் சமமாகவே இருக்கிறது. எப்படி? பழைய வடிவமைப்பில் இதற்குக் கணினி கிடையாது. கையின் அடியில் ஒரு சிறு உருளை, பக்கெட்டின் அடியில் அதற்கு ஓர் இரட்டைப் பிறவி. இரண்டையும் குழாய்கள் இணைக்கின்றன. கை 10 பாகை நிமிர்ந்தால் அடியிலுள்ள உருளை அதற்கேற்ற எண்ணெயை மேலே அனுப்பும். மேலிருப்பது அந்த எண்ணெயை வாங்கிக்கொண்டு பக்கெட்டை 10 பாகை எதிர்த்திசையில் சாய்க்கும். ஒரு பிள்ளை சொல்ல, இன்னொரு பிள்ளை மேலே உட்கார்ந்து அப்படியே செய்வதுபோல.

இவ்வளவும் கட்டடத் தொழிலுக்காகப் பிறக்கவில்லை என்பது வேடிக்கை. பழம் பறிக்கப் பிறந்தது. 1944-இல் கலிபோர்னியாவில் ஜே ஐட்டல் என்பவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக அலைந்து செர்ரி பறித்துச் சலித்துப்போய், ஆளையே தூக்கிப் போகும் ஒரு கையை யோசித்தார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டெட் தார்ன்டன்-டிரம்ப் என்பவரும் பழத்தோட்டத்துக்காகவே இப்படியொன்றைச் செய்தார். இன்றும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதன் செல்லப்பெயர் 'செர்ரி பிக்கர்'. தோட்டத்திலிருந்து தெருவிளக்குக்கும் மின்கம்பத்துக்கும் போனது, பிறகு கட்டுமானத்துக்கு வந்தது.

இப்போது பக்கெட்டின் கம்பிக்கு வருவோம். சுற்றிலும் ஓடும் மேல்கம்பியின் உயரம் சுமார் 1.1 மீட்டர். இதை யாரோ கைவைத்துச் சாய வசதியாக இருக்கட்டும் என்று வைத்ததாக நினைத்திருந்தேன். இல்லை. அது நம் உடம்பைக் கணக்குப் போட்டு வைத்த உயரம்.

எண்சாண் உடம்பு என்கிறோம். அவரவர் கையால் அளந்தால் கிட்டத்தட்ட எட்டுச் சாண்தான் வரும். 1.65 மீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு ஒரு சாண் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். நிமிர்ந்து நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து சுமார் 91 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பி 110-இல். அதாவது மையத்துக்கு மேலே ஒரு சாண். இந்த ஒரு சாண் இருக்கும்வரை, உங்களை யாராவது பின்னாலிருந்து தள்ளினாலும் வயிறு கம்பியில் மோதி நிற்கும். உடம்பின் பெரும்பாதி உள்ளேயே இருப்பதால் மீண்டும் உள்ளேதான் விழுவீர்கள். மையம் கம்பிக்கு மேலே போய்விட்டால் கணக்கு தலைகீழ். அதே கம்பி அப்போது தடுப்பல்ல. உடம்பு புரண்டு வெளியே விழுவதற்கான அச்சு.

எட்டாத ஒரு போல்ட்டுக்காக நடுக்கம்பியில் ஏறி நிற்பவரை நினைத்துப் பாருங்கள். நடுக்கம்பி சுமார் அரை மீட்டர் உயரம். அவருடைய மையம் இப்போது 1.41 மீட்டரில், கம்பிக்கு ஒன்றரைச் சாண் மேலே. கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் நிற்பவரும் இதே கதைதான், அவருக்கு மீதம் இருப்பது சாணல்ல, விரற்கடை. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் இதை வெட்டவெளிச்சமாகச் சொல்கிறது: பக்கெட்டின் தளத்தில் மட்டுமே நிற்க வேண்டும். விளிம்பில் உட்காரக் கூடாது, ஏறக் கூடாது, பலகையோ ஏணியோ போட்டு உயரம் கூட்டக் கூடாது. படிக்கும்போது பள்ளிக்கூட விதிபோல இருக்கும். அதன் பின்னால் இருப்பது அந்த ஒரு சாண் கணக்கு.

சரி, டப்பாவில் ஏறவில்லை, எட்டிப் பார்க்கவில்லை, இரு காலும் தளத்தில். ஆபத்து முடிந்ததா? இங்கேதான் இந்த இயந்திரத்தின் மிக வியப்பான, மிகக் கொடிய குணம் வருகிறது.

டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு அது தெரியும். வேகத்தடையில் பஸ் ஏறி இறங்குகிறது. டிரைவருக்கு லேசாக ஒரு குலுக்கல். நடுவில் இருப்பவருக்கு ஒரு தூக்கல். கடைசி சீட்டுக்காரர் தலை கூரையைத் தொட்டுத் திரும்புகிறது. வேகத்தடை எல்லோருக்கும் ஒன்றுதான். பின்சக்கரத்தையும் தாண்டி நீண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று மீட்டர் அதைப் பெருக்கிவிட்டது.

பூம் லிஃப்டில் அந்த நீட்சி 12 மீட்டர், 15 மீட்டர். கணக்குப் போடுவோம். இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே 2.4 மீட்டர் தூரம். ஒரு பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்குகிறது, பாதி மூடிய ஒரு சாக்கடைக் குழி போதும். 18 மீட்டர் மேலே பக்கெட் எவ்வளவு நகரும்? 10-ஐ 18-ஆல் பெருக்கி 2.4-ஆல் வகுத்தால் 75 சென்டிமீட்டர். கீழே நிற்பவர் "லொடக்" என்ற சத்தம் மட்டும் கேட்பார். மேலே நிற்பவருக்குத் தரையே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் ஓடிவிடும்.

கை முன்னால் நீட்டியபடி இருந்து முன்சக்கரங்கள் குழியில் இறங்கினால் இன்னும் விபரீதம். அப்போது பக்கெட் கீழே பாய்கிறது. நெம்புகோலின் நுனியில் இருப்பதால், ஒரு பொருள் தானாக விழும் வேகத்தையும் விட வேகமாக அது கீழே போகலாம். நம் உடம்புக்கு அந்த அவசரம் கிடையாது. அது தன் இயல்பில் மெதுவாகத்தான் விழத் தொடங்கும். ஆக, ஒரு கணம் காலுக்கும் தளத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அடுத்த கணம் கை தூண்டில் கோல்போல வளைந்து, சேர்த்துவைத்த சக்தியோடு மேலே நிமிர்கிறது. கீழே வந்துகொண்டிருக்கும் உடம்பை, மேலே வந்துகொண்டிருக்கும் தளம் சந்திக்கிறது.

கவண்கல் பறப்பது இப்படித்தான். இதற்குக் கவண் வீச்சு என்று பெயர் வைக்கலாம், வேலையிடங்களில் 'கேட்டபல்ட்' என்கிறார்கள். மேல்நோக்கி எவ்வளவு வேகம் கிடைத்தால் ஆள் வெளியே போவார்? மணிக்கு 9 கிலோமீட்டர். காலையில் கடற்கரையில் மெல்லோட்டம் ஓடுபவரின் வேகம்தான் அது. அந்த வேகம் உடம்பை 32 சென்டிமீட்டர் மேலே தூக்கும். 91-ம் 32-ம் 123. கம்பி 110-இல். கணக்கு முடிந்தது.

பள்ளம் மட்டும்தான் என்றில்லை. கை ஒரு உத்தரத்தின் அடியில் மாட்டிக்கொண்டு, ஓட்டுநர் இன்னும் அழுத்த, சட்டென்று விடுபட்டாலும் இதுவே நடக்கும். பின்னால் வரும் லாரி அடிப்பாகத்தை லேசாக இடித்தாலும் நடக்கும். மரம் வெட்டும்போது பெரிய கிளை கையின் மேல் விழுந்து உருண்டு போனாலும் நடக்கும். அமெரிக்கக் கட்டுமானத் துறையில் 1992 முதல் 1999 வரை நடந்த மரணங்களை ஆராய்ந்தபோது, பூம் லிஃப்ட், கத்தரிபோல மடிந்து விரிந்து நேராக மேலே எழும் சிசர் லிஃப்ட் இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக 26 பேர் இறந்திருந்தது தெரிந்தது. மின்சாரம், விழுதல், இயந்திரம் கவிழ்தல் ஆகியவையே தலையாய காரணங்கள். விழுந்தவர்கள் என்று பதிவானவர்களில் பலர் உண்மையில் விழவில்லை, வீசப்பட்டார்கள். "கவனமாக நின்றிருந்தால் விழுந்திருக்க மாட்டார்" என்று இறந்தவரைப் பற்றிப் பேசக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. கவண் வீச்சுக்கு முன்னால் கவனத்துக்கு வேலையே இல்லை. வழக்கமான ஒரு வாரின் நீளமான 1.8 மீட்டர் விழ 0.6 விநாடி ஆகிறது. "ஐயோ" என்ற சொல்லை முழுதாகச் சொல்லி முடிக்கும் நேரம். கை கம்பியைத் தேடும் முன்பே அது தீர்ந்துவிடும்.

அப்படியானால் பெல்ட். அதற்குள்ளும் ஒரு அதிசயம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

அன்று இறங்கிய பிறகு, சைட்டின் பாதுகாப்பு அலுவலர் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வாரை எடுத்துக் காட்டினார். மணல்மூட்டையைக் கட்டிப் போட்டுச் சோதித்த வார் அது. புதிதாக இருக்கும்போது அதன் நடுவில் தீப்பெட்டிப் பண்டல்போல ஒரு சிறு பொதி இருக்கும். இதில் பொதி வெடித்து, உள்ளிருந்த பட்டை பாம்புச் சட்டைபோல நீளமாக வெளியே கிடந்தது. இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்த பட்டை. தையல் நூல்கள் வரிசை வரிசையாக அறுந்திருந்தன. ஒவ்வொரு வரிசையிலும் நூல் நுனிகள் பஞ்சுபோல நின்றன. விரலால் தடவிப் பார்த்தேன், வேட்டிக் கரையில் பிரிந்த தையல்போல மெத்தென்று இருந்தது. அறுவதற்காகவே தைத்த தையல் அது.

கயிறு அறுந்தால் ஆபத்து என்பது நமக்குத் தெரியும். அறாமல் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. 80 கிலோ ஆள் 1.8 மீட்டர் விழுந்து, இழுபடாத ஒரு கயிறு அவரை 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்துகிறது என்று கொள்வோம். உடம்பின் மேல் வரும் விசை சுமார் 3 டன். ஒரு பெண் யானையின் எடை. ஆனால் பட்டையின் தையல் ஒவ்வொன்றாக அறுந்து 45 சென்டிமீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் அது சுமார் 400 கிலோவாகக் குறைகிறது. விழுகையின் சக்தியை எலும்பு வாங்கவில்லை, நூல் வாங்கிக்கொண்டது. கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கும் கிரிக்கெட் ஆட்டக்காரர் செய்வதும் இதையே. அமெரிக்க விதி இந்த விசைக்கு வைத்த உச்சவரம்பு 8 கிலோநியூட்டன், ஏறத்தாழ 800 கிலோ எடை. தையல் பிரிந்து நீளும் தூரத்துக்கும் வரம்பு உண்டு, 1.07 மீட்டர். ஒருமுறை பிரிந்த பொதியை மறுபடி பயன்படுத்த முடியாது.

முன்பு இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்தான் இருந்தது. அந்தப் பெயர்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, முழு உடல் கவசத்தையும் எல்லோரும் "பெல்ட்" என்றே சொல்கிறார்கள். இடுப்பு பெல்ட் விழுந்தவரை நிறுத்தும், ஆனால் நடுவில் பிடித்து இரண்டாக மடக்கும். முழு விசையும் வயிற்றின் மெல்லுறுப்புகளில் இறங்கும். விழுந்தவரைத் தாங்கிப் பிடிக்க அதைப் பயன்படுத்துவதை 1998 ஜனவரி 1 முதல் அமெரிக்கா தடை செய்தது. இப்போதுள்ளது தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும். கொக்கி வளையம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகில். விசை தொடையின் பெரிய தசைகளுக்குப் போகிறது. ஆள் தலை மேலாக, நிமிர்ந்து தொங்குகிறார். பூனைத்தாய் குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்குவது ஞாபகம் வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கெட்டில் நிற்பவருக்கு இந்த அருமையான தையல் வேலை செய்ய வேண்டிய நிலையே வரக் கூடாது.

கூட்டிப் பாருங்கள். வார் 1.8 மீட்டர். தையல் பிரியும் நீளம் அதிகபட்சம் 1.07. முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை சுமார் ஒன்றரை. இடைவெளிக்கென்று கொஞ்சம். ஐந்து மீட்டருக்கு மேல் வந்துவிட்டது, கிட்டத்தட்ட இரண்டு மாடி. பக்கெட் நாலு மீட்டர் உயரத்தில் நிற்கும்போது வெளியே வீசப்பட்டால், வார் தன் வேலையைத் தொடங்கி முடிக்கும் முன்பே தரை வந்துவிடும். உயரம் போதுமானதாக இருந்தாலும் வேறொரு சிக்கல். பக்கெட்டுக்கு வெளியே விழுந்தவரை நிறுத்தும் அந்த 400, 800 கிலோ இழுப்பு எங்கே போகிறது? 230 கிலோவுக்காகக் கட்டிய கையின் நுனிக்கு, அதுவும் பக்கவாட்டில். கவிழ்கோட்டின் கணக்கு அதை எதிர்பார்க்கவில்லை.

அதனால்தான் அந்த அண்ணன் என் வாரைச் சுருக்கிக்கொண்டே போனார். குட்டையான வார் இன்னொரு தத்துவம். விழுந்தவரைப் பிடிக்க அல்ல, கம்பியைத் தாண்டவே விடாமல் வைக்க. கவண் வீச்சு வந்தாலும் உடம்பு ஒரு சாண் எழும், வார் விறைக்கும், மீண்டும் தளத்துக்கே வரும். மாட்டைத் தும்பில் கட்டுவதுபோல: கயிறு வேலிக்கு உள்ளேயே முடிந்தால் மாடு பக்கத்து வயலுக்குப் போக வழியில்லை. உயர இயங்கு மேடைகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஐபாஃப், பூம் வகை லிஃப்டில் ஏறுபவர்களுக்கு முழு உடல் கவசத்தோடு இந்தக் குட்டை வாரையே பரிந்துரைக்கிறது. நேராக மட்டும் மேலே ஏறும் சிசர் லிஃப்டில் நீண்ட கை இல்லை. எனவே கவண் இல்லை. பொதுவாக அதன் சுற்றுக்கம்பியே போதும் என்று கருதுகிறார்கள்.

வாரை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு தவறு சகஜமாக நடக்கிறது. பக்கத்தில் கனத்த இரும்பு உத்தரம் தெரியும். ஆடுகிற பக்கெட்டைவிட அசையாத உத்தரம்தானே உறுதி? மனம் அங்கேதான் மாட்டச் சொல்லும். ஆனால் ஆள் உத்தரத்தோடு கட்டப்பட்டிருக்க, கீழிருந்து யாரோ பக்கெட்டை இறக்கினால்? ஓட்டுநரே மறந்துபோய் கையைத் திருப்பினால்? தளம் போய்விடும், ஆள் அங்கேயே நிற்பார், அந்தரத்தில். அமெரிக்கச் சட்டம் பக்கத்துக் கம்பத்திலோ கட்டடத்திலோ மாட்டுவதைத் தடை செய்து, பக்கெட்டில் அல்லது கையில் மட்டுமே மாட்டச் சொல்வது இதற்காகத்தான். ஓடத்தில் இருப்பவர் ஓடத்தோடுதான் கட்டிக்கொள்ள வேண்டும், கரையோடு அல்ல.

ஒருவர் தொங்கிவிட்டார் என்றே வையுங்கள். உயிர் பிழைத்தார் என்று கீழே கைதட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை. அசையாமல் தொங்குபவரின் இரத்தம் கால்களில் தேங்கத் தொடங்கும். நடக்கும்போது கால்தசைகள் பிழிந்து பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகின்றன, தொங்கும்போது அந்தப் பம்பு வேலை செய்வதில்லை. மயக்கம் வரும். அரை மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். இயந்திரத்தின் அடிப்பாகத்திலும் ஒரு முழுத் தொகுதி இயக்குக் கருவிகள் இருப்பது இதற்காகவும்தான். கீழே நிற்பவருக்கு அதை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது அது.

காற்றை இதுவரை மறந்திருந்தோம். வெளியிடத்தில் பயன்படும் லிஃப்டுகளுக்குப் பொதுவாக வைக்கும் வரம்பு விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். குடை மடங்கித் திரும்பும் காற்று. அந்தக் காற்று வெறும் ஆளின் மேல் மோதினால் சமாளிக்கலாம். அவர் கையில் ஒரு முழு பிளைவுட் பலகை இருந்தால்? எட்டடிக்கு நாலடி. அதன்மேல் 30 கிலோவுக்கும் அதிகமான தள்ளல் விழும். ஆறு மாடி நீளமுள்ள நெம்புகோலின் நுனியில் அந்த 30 கிலோ. பலகையைத் தூக்கிய கணத்தில் அவர் ஒரு பாய்மரத்தைக் கட்டிவிட்டார்.

2010 அக்டோபர் 27. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியை ஒரு மாணவர் சிசர் லிஃப்டின் மேல் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார். வயது 20. அன்று காற்று மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. லிஃப்ட் சாய்ந்தது, அவர் இறந்தார். சுற்றுக்கம்பி இருக்கத்தான் செய்தது. இயந்திரமே விழும்போது கம்பி என்ன செய்யும்? அதன் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் பயிற்சியைப் படமெடுக்க, தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களைக் கம்பங்களில் பொருத்தியது. வேலையை மேலே ஆள் ஏறாமலே முடிக்க முடியுமா என்ற கேள்வி, எந்தப் பெல்ட்டையும் விடச் சிறந்த பெல்ட். அந்த வாலிபர் மேலே ஏறும் முன்பே யாராவது அதைக் கேட்டிருக்கலாம்.

இயந்திரங்கள் இப்போது தாமாகவே நிறையக் கேட்டுக்கொள்கின்றன. பக்கெட்டின் அடியில் எடை உணரி இருக்கிறது. சுமை கூடினால் கை அசைய மறுக்கும். அடிப்பாகத்தில் சாய்வு உணரி, கொத்தனாரின் ரசமட்டம் மின்சாரம் கற்றுக்கொண்டதுபோல. பல பூம் லிஃப்டுகளில் 5 பாகை சாய்ந்தால் அலறும். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை 9 சென்டிமீட்டர் தூக்கினால் வரும் சாய்வு அது. சிறிய சிசர் லிஃப்டுகளில் பக்கவாட்டு வரம்பு ஒன்றரைப் பாகைதான். மீட்டருக்கு 2.6 சென்டிமீட்டர், கண்ணுக்கே தெரியாத சாய்வு. சிசர் லிஃப்ட் மேலே எழத் தொடங்கியதும் அதன் வயிற்றடியில் இரண்டு இரும்புப் பட்டைகள் இறங்கி, தரைக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலே நிற்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இயந்திரம் சாய்வதற்குள் அந்தப் பட்டையில் உட்கார்ந்துவிடும். பூம் லிஃப்டில் கால் மிதியை விட்டுக் காலை எடுத்தால் எல்லா அசைவும் நிற்கும். கையைத் தூக்கியபின் வண்டி ஓடும் வேகமும் மணிக்கு சுமார் ஒரு கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடும். தேர் நகரும் வேகம்.

தேரைச் சும்மா சொல்லவில்லை. உயரமான பொருளைச் சக்கரத்தில் ஏற்றி நகர்த்தும் கலை நமக்குப் பழசு. திருவாரூர் ஆழித்தேர் அசையும் முன் வீதியைச் சீர் செய்வார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆள் கூடவே நடப்பார். உச்சிக் கலசம் ஆடுவதற்குக் காரணம் கீழே தரையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த அண்ணனுக்கும் தெரியும். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே, விடியற்காலையில், வண்டி ஓடப் போகும் பாதை முழுவதையும் அவர் ஒருமுறை நடந்து பார்த்திருந்தார். கையில் ஒரு கம்பி, மெத்தென்ற இடத்தில் குத்திப் பார்க்க. கொட்டகையின் மூலையில் வடிகாலுக்காகத் தோண்டிப் பாதி மூடிய குழி ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டு வைத்திருந்தார். மேலிருந்து பார்த்தபோது அது ஒரு கோலம்போலத் தெரிந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் இறங்கி, அவர் என் வாரைக் கழற்றிவிட்டபோது மதியச் சாப்பாட்டு நேரம். சிமென்ட் லாரி ஒன்று அந்த வழியாகப் போயிருந்தது, வட்டத்தின் பாதி அழிந்திருந்தது. அவர் சாப்பாட்டுப் பையை வண்டியின் மேல் வைத்துவிட்டு, சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு குழியை நோக்கி நடந்தார்.